அகப்படாத படபடப்பு

பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம். வரிசையில் நின்ற ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். “என்னம்மா செய்யுது?” என்று ஆசிரியை ஓடி வந்து கேட்கிறார். “நெஞ்சுக்குள்ள குருவி கெடந்து அடிச்சுக்கிற மாதிரி இருக்கு டீச்சர்” என்கிறாள். பத்து நிமிடம் கழிகிறது. படபடப்பு போன இடம் தெரியவில்லை. சிறுமி எழுந்து வகுப்புக்குப் போகிறாள்.

மாலையில் வீட்டில் பாட்டி, “எதையோ பாத்துப் பயந்திருக்கா” என்று சொல்லி, சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுவிடுகிறார். மறுநாள் மருத்துவர் நாடி பார்க்கிறார்; நிமிடத்திற்கு 84. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார், குறை எதுவும் இல்லை. “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடுகிறார். மூன்று வாரம் கழித்து மீண்டும் அதே படபடப்பு. மீண்டும் அதே “ஒன்றுமில்லை”. நான்காம் முறை வரும்போது சிறுமி யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால், பள்ளிக்கூடம் போகாமலிருக்கப் போடும் வேஷம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இது நான் புனைந்த காட்சிதான். ஆனால் எங்கள் சங்கரன்கோவிலிலும் நடக்கலாம். உங்கள் ஊரிலும் நடக்கலாம். நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆயினும் இந்தக் காட்சிக்குள் இயற்பியலுக்கு உரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. எப்போதாவது வந்து போகும் ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு நேரம் கவனித்தால் பிடிக்கலாம்? “ஒன்றுமில்லை” என்பது வேறு. “நாம் பார்த்த நேரத்தில் ஒன்றுமில்லை” என்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

இதயத்தின் மின்சாரம்

இதயம் சுருங்குவதற்குக் கட்டளை மின் வடிவில் வருகிறது. வலது மேலறையின் சுவரில் சைனஸ் கணு என்னும் சிறு திசு இருக்கிறது. அதுதான் தாளம் போடும் இடம். அங்குப் பிறக்கும் மின் துடிப்பு மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மற்றொரு கணுவை அடைகிறது. அங்கு ஒரு கணம் தாமதிக்கிறது. பிறகு நார்க்கற்றை வழியே இறங்கிக் கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. மேலறைகளில் உள்ள இரத்தம் கீழறைகளில் வந்து நிரம்புவதற்கு அந்தத் தாமதம் தேவைப்படுகிறது.

நம் உடல் உப்பு நீர் நிறைந்தது, மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே இதயத்தில் எழும் மின்னழுத்த மாற்றத்தின் சிறு எதிரொலி தோலின் மேற்பரப்பு வரை வந்து சேர்கிறது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லி வோல்ட். கைவிளக்கில் போடும் ஓர் உலர் மின்கலத்தின் அழுத்தத்தில் 1,500-இல் ஒரு பங்கு! மனிதனின் இதய மின்னலையை 1887-ஆம் ஆண்டில் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் முதன்முதலாகப் பதிவு செய்து காட்டினார். அதைத் துல்லியமாக அளக்கும் கருவியைச் செய்தவர் ஹாலந்து நாட்டின் வில்லெம் ஐந்தோவன். காந்தப் புலத்தின் நடுவே மெல்லிய இழை ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் மின்னோட்டம் பாயும்போது இழை எவ்வளவு விலகுகிறது என்பதை ஒளிப்படத் தகட்டில் பதித்தார். கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் பார்க்கும் கால்வனாமீட்டருக்கு அது நெருங்கிய உறவு. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்திக்கொண்டு உட்கார வேண்டும். இப்பணிக்காக ஐந்தோவனுக்கு 1924-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்று மருத்துவர் எடுக்கும் ஈ.சி.ஜி. அதே முறையின் வழித்தோன்றல். கட்டம் போட்ட தாள் வினாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகர்கிறது. ஐந்து மி.மீ. கொண்ட பெரிய கட்டம் ஒன்றைக் கடக்க 0.2 வினாடி ஆகும். அடுத்தடுத்த இரண்டு உயர்ந்த முகடுகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டங்கள் உள்ளன என்று எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்பது கிடைக்கும். நான்கு கட்டமானால் 75. ஒன்றரைக் கட்டமானால் 200.

பத்து வினாடிச் சாளரம்

இப்போது சிறுமியிடம் திரும்புவோம். வழக்கமான ஈ.சி.ஜி. பதிவின் நீளம் ஏறத்தாழ பத்து வினாடி. ஒரு வாரத்தில் 6,04,800 வினாடிகள் உள்ளன. ஆக, மருத்துவர் பார்த்தது அந்த வாரத்தின் 60,480 பங்குகளில் ஒரு பங்கை மட்டுமே!

எங்கள் ஊரில் விசைத்தறி ஓசை கேளாத தெரு குறைவு. ஒரு தறியில் எப்போதாவது ஒரு முறை இழை அறுந்து துணியில் குறை விழுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலாளி காலையில் வந்து பத்து வினாடி நின்று பார்த்துவிட்டு, “தறி நன்றாகத்தானே ஓடுகிறது” என்று சொன்னால் ஓட்டுபவர் ஒப்புக்கொள்வாரா? இதயத்தின் செய்தியும் அதுவே.

ஆனால் பத்து வினாடிப் பதிவு வீண் என்று எண்ணிவிடக் கூடாது. சில குறைகள், படபடப்பு இல்லாத வேளையிலும் அலையின் வடிவில் தடயம் விட்டுச் செல்லும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே கூடுதல் பாதை ஒன்று அமைந்துவிடுவது உண்டு. 1930-இல் இதனை விளக்கிய வுல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகிய மூவரின் பெயராலேயே அது வழங்குகிறது. இந்தக் குழந்தைகளில் பலரது ஈ.சி.ஜி.யில் உயர்ந்த முகட்டின் அடிவாரம் சரிவாகத் தெரியும். வேறு சிலருக்கு, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின் நிலையில் மீண்டெழ அதிக நேரம் ஆகும். அதுவும் தாளில் தெரியக்கூடியது. எனவே முதற்படி எப்போதும் ஈ.சி.ஜி.தான். அதுவே இறுதிப் படி என்று நினைப்பதுதான் பிழை.

முதுகில் சுமந்த ஆய்வகம்

நோயாளியை ஆய்வகத்திற்குள் வைத்திருப்பதற்குப் பதிலாக ஆய்வகத்தை நோயாளியோடு அனுப்பினால் என்ன என்று கேட்டவர், அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர். அவர் இயற்பியலும் வேதியியலும் கற்றவர். 1940-களின் இறுதியில், இதய அலையை வானொலி மூலம் அனுப்பும் கருவி ஒன்றைச் செய்து முதுகில் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளை மிதித்துக் காட்டினார். அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ. டிரான்சிஸ்டர் வந்தபின் கருவி சுருங்கியது. வானொலிக்குப் பதில் காந்த நாடா வந்தது. 1961-இல் அவர் தம் முறையை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். இன்றும் அந்தக் கருவிக்கு ஹோல்ட்டர் என்றே பெயர்.

இன்றைய ஹோல்ட்டர் சட்டைப்பைக்குள் அடங்கும். மார்பில் சில இடங்களில் மின்வாய்களை ஒட்டி, மெல்லிய கம்பிகளால் கருவியோடு இணைப்பார்கள். வலி இல்லை, உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதும் இல்லை. அது கேட்பது மட்டுமே செய்கிறது. வினாடிக்கு 250 முறை அளக்கும் கருவி 24 மணி நேரத்தில் ஒரு தடத்திற்கு 2 கோடியே 16 இலட்சம் அளவீடுகளைச் சேர்த்துவிடும். சிறுமியின் இதயம் சராசரியாக நிமிடத்திற்கு 85 முறை துடித்தால் ஒரு நாளில் 1,22,400 துடிப்புகள். அத்தனையையும் கணிப்பொறி வகைப்படுத்தித் தர, ஐயத்திற்குரியவற்றை மருத்துவர் பார்க்கிறார்.

கருவி மாட்டியிருக்கும்போது குழந்தை வழக்கம்போல் பள்ளிக்குப் போக வேண்டும், விளையாட வேண்டும், தூங்க வேண்டும். வீட்டில் படுக்க வைத்துவிட்டால், படபடப்பைக் கொண்டுவரும் சூழலையே நாம் நீக்கிவிடுகிறோம். பெரும்பாலான கம்பி வைத்த கருவிகளை நனைக்கக் கூடாது என்பதால் குளிப்பதை மட்டும் ஒத்திப்போட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. அதுதான் குறிப்பேடு. “10.20 மணி. கணக்கு வகுப்பு. திடீரென்று தொடங்கியது. 10.26-க்கு நின்றது.” இப்படி ஒரு வரி எழுதினால் போதும். கருவி காட்டும் அலையும் குழந்தை சொல்லும் சொல்லும் ஒரே மணித்துளியில் சந்திக்கும்போதுதான் விடை பிறக்கிறது.

எத்தனை நாள்?

கருவியை எத்தனை நாள் மாட்டலாம்? இங்கு நிகழ்தகவு கைகொடுக்கும். படபடப்பு சராசரியாக வாரம் ஒரு முறை, நேரங்காலம் இன்றி வருகிறது என்று கொள்வோம். அப்படிப்பட்ட 100 குழந்தைகளுக்கு 24 மணி நேரக் கருவி மாட்டினால் ஏறத்தாழ 13 பேரிடம்தான் படபடப்பு அகப்படும். 48 மணி நேரமானால் 25 பேர். ஒரு வாரமானால் 63 பேர். இரண்டு வாரமானால் 86 பேர். வாரம் ஒருமுறை வருவது ஒரு வாரத்தில் கட்டாயம் வந்துவிடும் என்று நம் மனம் நினைக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வரும் படபடப்பானால், 24 மணி நேரத்தில் அகப்படுவது 100-க்கு 3 பேரிடம்தான்.

ஆகவே நிகழ்ச்சியின் இடைவெளிக்கு ஏற்பக் கருவி மாறும். நாள்தோறும் வந்தால் 24 அல்லது 48 மணி நேர ஹோல்ட்டர் போதும். வாரத்திற்கு ஒருமுறை என்றால் மார்பில் ஒட்டிக்கொள்ளும், கம்பியில்லாத பட்டை. இது இரண்டு வாரம் வரை பதியும். இன்னும் அரிதாக வந்தால், படபடப்பு வரும்போது பொத்தானை அழுத்திப் பதியும் கருவி. ஓடும்போது மட்டும் வந்தால், மருத்துவமனையிலேயே ஓடுபட்டையில் ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள். மிக அரிதாக, ஆனால் மயக்கத்தோடு வந்தால், தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவியைப் பொருத்துவார்கள். அது ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கும்.

கைக்கடிகாரங்கள் இதைச் செய்யாவா என்று கேட்கலாம். பெரும்பாலான கடிகாரங்கள் தோலின்மேல் ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டம் ஏறி இறங்குவதால் திரும்பிவரும் ஒளியில் ஏற்படும் மாற்றத்தை எண்ணுகின்றன. துடிப்பின் வேகத்தை அது சொல்லும். துடிப்பு எங்கே பிறந்தது என்பதைச் சொல்லாது. கை ஆடினாலும் ஏமாறும். விரலை வைத்து உண்மையான மின்னலையைப் பதியும் கருவிகளும் உண்டு. அவை உதவும். ஆனால் பெரியவர்களுக்கென எழுதப்பட்ட கணக்கு முறை குழந்தையின் துடிப்புக்குத் தவறான பெயர் வைத்துவிடலாம். அலையை மருத்துவர் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆடிச்சுற்றும் மின்சுற்றும்

பதிவில் என்ன தெரியும்? பல குழந்தைகளுக்கு, படபடப்பு வந்த அதே நேரத்தில் இதயம் தன் இயல்பான தாளத்தில், சற்று விரைவாக, ஓடிக்கொண்டிருப்பது தெரியும். காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகுதி, நீர்ச்சத்துக் குறைவு, இளைப்புக்குத் தரும் சில மருந்துகள், காப்பி, அச்சம் ஆகியவை காரணமாக இருக்கலாம். இந்த வேகம் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். இன்னும் சிலருக்கு, முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்பும் அதன்பின் ஓர் இடைவெளியும் தெரியும். இதயம் நலமாக உள்ள குழந்தைகளில் இது பெரும்பாலும் தீங்கற்றது.

நம் சிறுமியின் ‘குருவி’ வேறு இனமாக இருக்கலாம். திடீரென்று தொடங்கி, திடீரென்று நிற்பது அதன் அடையாளம். விசையைப் போட்டதுபோல் நிமிடத்திற்கு 200-க்கு மேல் ஏறிவிடும். இதன் காரணத்தை எங்கள் ஊர்த் திருவிழாவை வைத்தே விளக்கலாம்.

ஆடித்தபசு நாட்களில் அடியார்கள் 108 என்று எண்ணி வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். இதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். இனி, இதயத்தில் மேலும் கீழும் இணைந்த இரண்டு தெருக்கள் இருப்பதாக எண்ணுங்கள். இயல்பான துடிப்பு இரண்டு தெருக்களிலும் ஒரே சமயத்தில் நுழையும். எதிரெதிரே சந்தித்து அணைந்துபோகும். ஏனெனில் ஒருமுறை துடித்த திசு சிறிது நேரம் அடுத்த தூண்டலை ஏற்காது. ஆனால் முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வந்தால், ஒரு தெரு இன்னும் ஓய்வில் இருக்கும். அது மற்றத் தெரு வழியே மட்டும் இறங்கும். கீழே வந்து சேர்வதற்குள் முதல் தெரு விழித்துவிட்டால், அதன் வழியே மேலே ஏறிவிடும். மேலே வந்ததும் மீண்டும் கீழே இறங்கும். பிறகு சுற்றுத்தான்! ஒரு சுற்றுக்கு 0.25 வினாடி ஆனால் நிமிடத்திற்கு 240 துடிப்பு. 108 முடிந்தால் அடியார் நின்றுவிடுவார். இதற்கு அந்த எண்ணிக்கை கிடையாது.

இத்தகைய சுற்றலையை 1906-இல் ஆல்ஃபிரட் மேயர் என்பவர் இழுதுமீனின் உடலிலிருந்து வெட்டிய வளையத்தில் கண்டார். இதயத் தசையில் இதனை விளக்கியவர் ஜார்ஜ் மைன்ஸ், ஆண்டு 1913. சுற்று நீடிக்க ஒரு நிபந்தனை உண்டு: அலை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரம், திசு மீண்டெழ ஆகும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் சுற்றை அறுத்தால் எல்லாம் உடனே நின்றுவிடும். மூச்சை அடக்கி முக்குவது, மருத்துவர் தரும் ஊசி ஆகியவை நடுக்கணுவில் சுற்றை அறுக்கின்றன. இரத்தக் குழாய் வழியே நுண்குழல் ஒன்றைச் செலுத்தி, வானொலி அலைவெண் மின்னோட்டத்தால் தேவையற்ற பாதையைச் சுட்டு நிரந்தரமாக மூடவும் முடியும். பெரும்பாலான குழந்தைகள் இதனால் முற்றிலும் குணமடைகிறார்கள். ஆனால் அதற்குமுன் படபடப்பு ஒருமுறையாவது பதிவில் அகப்பட்டிருந்தால் வழி தெளிவாகும்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

சிறுபான்மையான சில குழந்தைகளில் படபடப்பு உயிருக்கு ஆபத்தானதாக இருக்கலாம். ஓடும்போதோ நீந்தும்போதோ திடுக்கிடும்போதோ மயங்கி விழுவது, உழைக்கும்போது நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாமல் யாரேனும் திடீரென்று இறந்திருப்பது, குழந்தைக்கு முன்பே இதயக் கோளாறு இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் “பார்க்கலாம்” என்று இருக்கக் கூடாது.

பிறவிச் செவிடோடு இதயத்தின் மின் மீட்சி நீளும் நோய் ஒன்றும் உண்டு. 1957-இல் நார்வே நாட்டில் யெர்வெல், லாங்கெ-நீல்சன் ஆகியோர் அதனை விவரித்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் அது தோன்றும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திற்குள் மணம் செய்யும் நம் நாட்டில் இதற்கான வாய்ப்பு சற்று அதிகம். எனவே காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் அதை வலிப்பு என்று மட்டும் எண்ணிவிடாமல் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அறிவுடைமை.

அருகிலிருக்கும் கருவியே சிறந்த கருவி

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 55 கி.மீ. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவு இருக்கிறது. விரிவான சோதனைக்கு அங்குப் போவது சரியே. ஆனால் பத்து நிமிடப் படபடப்பு அந்தப் பேருந்துப் பயணம் வரை காத்திருக்குமா? படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மிக அருகில் ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்திற்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். அப்போது எடுக்கும் பத்து வினாடித் தாள், நிற்கும்போது எடுக்கும் எத்தனையோ பதிவுகளைவிட மேலானது. அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். 1905-ஆம் ஆண்டிலேயே ஐந்தோவன் ஒன்றரை கி.மீ. தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளியின் இதய அலையைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வகத்திற்கு வரவழைத்தார். இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய கையடக்கக் கருவி போன்றவை கைப்பேசி வழியே தொலைவிலுள்ள மருத்துவருக்கு அலையை அனுப்புகின்றன.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மருத்துவக் குழுவினர் வந்து பார்க்கிறார்கள். வந்து போகும் படபடப்பு அவர்கள் வரும் நாளில் வராமல் போகலாம். ஆசிரியர் எழுதி வைத்த ஒரு வரிக் குறிப்பு அன்று பயன்படும்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை எளியவை. படபடப்பு வந்தவுடன் குழந்தையை உட்கார வைத்து, மணிக்கட்டிலோ இடது மார்பிலோ கைவைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். எண்ண முடியாத வேகமானால் அதையே எழுதுங்கள். “உன் நெஞ்சு எப்படி அடிக்குது, மேசையில தட்டிக் காட்டு” என்று கேளுங்கள். குழந்தைகள் வியக்கத்தக்க துல்லியத்தோடு தட்டிக் காட்டுவார்கள். திடீரென்று தொடங்கியதா, மெல்ல ஏறியதா என்று கேளுங்கள். குழந்தை மயங்கினாலோ, நிறம் மாறினாலோ, படபடப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓய்வில் உங்கள் நாடியை எண்ணுங்கள். மைதானத்தை இருமுறை சுற்றி ஓடிவந்து, அரை நிமிடத்திற்கு ஒருமுறை எண்ணி வரைபடம் வரையுங்கள். இறங்கும் கோடு மென்மையான வளைவாக இருக்கும். இயல்பான இதயம் இப்படித்தான் அமைதி அடைகிறது. சட்டென்று படிக்கட்டுப்போல் விழும் கோடு எவ்வளவு வேறுபட்டது என்பது அப்போது விளங்கும்.

நம் சிறுமிக்குப் பதிவில் விரைவுச் சுற்று தெரிந்தால் அதற்கு மருத்துவம் உண்டு. படபடப்பு வந்த அதே நேரத்தில் இயல்பான தாளமே தெரிந்தால் அதுவும் ஒரு விடைதான். வேறு காரணத்தைத் தேடலாம், அவளும் அச்சமின்றி ஓடி விளையாடலாம். இரண்டில் எது தெரிந்தாலும் அவள் சொன்னது பொய்யன்று என்பது உறுதியாகும். ஆனால் அந்தப் பதிவு கிடைக்க வேண்டுமானால், நான்காம் முறையும் அவள் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். மூன்றாம் முறை நாம் எப்படிக் கேட்டோம் என்பதைப் பொறுத்தது அது.